மோர்ஓவர் எழுதினால் பேண்ட் கூடுமா?

வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குப் போகவும் கேட்கப்படுகிற ஆங்கிலத் தேர்வு ஐயெல்ட்ஸ்; அதன் மதிப்பெண்ணைத்தான் பேண்ட் என்கிறார்கள், உச்சம் 9. அதை எழுதத் தயாராகும் யாருடைய போனைத் திறந்தாலும், ஆங்கில இணைப்புச் சொற்களின் ஒரு பிடிஎஃப் இருக்கும். கருத்தைச் சேர்க்க மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன். எதிர்ப்பக்கம் சொல்ல ஹவெவர், நெவர்த்லெஸ், ஆன் தி அதர் ஹேண்ட். விளைவுக்கு தேர்ஃபோர், கான்சிக்வென்ட்லி. முடிக்க இன் கன்க்லூஷன். டெலிகிராம் குழுக்களில் கைமாறிக்கொண்டே இருக்கும் பட்டியல் இது. மாலை நேரத்தில் என்னிடம் எழுத்துப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பட்டியலை ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நைட் டியூட்டிக்குப் போகும் வழியில் வந்து உட்காரும் நர்ஸ்கள், ஆபீஸ் முடித்துவிட்டு லேப்டாப் பையோடு வரும் பொறியாளர்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், ஒரு பாராவுக்கு எத்தனை லிங்கர் போடணும்?"

லிங்கர் என்று அவர்கள் சொல்வது இந்த இணைப்புச் சொற்களைத்தான். இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லாமல் இருப்பதுதான் நான் அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் நல்லது என்று நினைக்கிறேன். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும். இது வெறும் மொழி ஆர்வத்துக்கான பேச்சு அல்ல. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் வழியாகப் போனால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும்; எழுத்தில் 6.5 போதும். கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொழிக்கான நல்ல புள்ளிகள் கிடைப்பது, அந்த நாட்டு மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9 என்ற நிலைக்கு; அதற்கு எழுத்தில் 7 தேவை. மற்ற மூன்றிலும் எட்டைத் தொட்டவர்கள்கூட எழுத்தில் 6.5, அல்லது 6 என்று நின்றுவிடுகிறார்கள். ஒருமுறை தேர்வு எழுத 15,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அரை பேண்டுக்காக ஒரு குடும்பத்தின் திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு, அந்தப் பட்டியல் மேல் கோபம் வரத்தான் செய்கிறது.

எழுத்துத் தேர்வை நான்கு அளவுகோல்களால் திருத்துகிறார்கள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னோமா என்பது ஒன்று. கருத்துகள் ஒழுங்காகத் தொடர்வதும் (கோஹியரன்ஸ்) வாக்கியங்கள் ஒன்றோடொன்று பிணைவதும் (கோஹீஷன்) சேர்ந்து ஒன்று. சொல்வளம், இலக்கணம் மற்ற இரண்டு. நான்குக்கும் சம எடை, அதாவது கால் கால் பங்கு. எழுத்துத் தேர்வில் இரண்டு கேள்விகள்: டாஸ்க் 1 வரைபட விளக்கம் அல்லது கடிதம், டாஸ்க் 2 கட்டுரை. டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு மதிப்பு. இந்த அளவுகோல்களின் விளக்கத்தைத் தேர்வை நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிக்கிறவர்கள்தான் குறைவு. அதில் கோஹியரன்ஸ் பகுதியை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தால் போதும். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது பேண்ட் 5-இன் குறையாகப் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. பேண்ட் 6-இல் வாக்கியங்களின் பிணைப்பு பிழையாகவோ இயந்திரத்தனமாகவோ இருக்கலாம் என்கிறார்கள். பேண்ட் 9-க்கு வரும்போது, பிணைப்பு கவனத்தை ஈர்ப்பதே மிக அரிது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது.

அதாவது மேலே ஏற ஏற, இணைப்பு கண்ணில் படக் கூடாது. பிடிஎஃப் சொல்லிக்கொடுப்பதோ ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் அது கண்ணில் படும்படி நிறுத்துவதை.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பிரச்சினை நமக்குச் சட்டென்று தெரிவதில்லை. அந்நிய மொழி என்பதால் எல்லாமே கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் வகுப்பில் அதே பாராவைத் தமிழில் படித்துக் காட்டுவேன். நகரங்களில் பேருந்துப் பயணத்தை இலவசமாக்கலாமா என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் பாரா இப்படி இருக்கும்:

"முதலாவதாக, கட்டணம் இல்லையென்றால் ஏழைகளுக்கு நன்மை கிடைக்கும். மேலும், போக்குவரத்து நெரிசல் குறையும். அதுமட்டுமன்றி, காற்று மாசும் குறையும். உதாரணமாக, தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். எனவே, அரசு இதைச் செய்ய வேண்டும்."

தமிழில் கேட்டதும் எல்லோரும் நெளிவார்கள். ஐந்து வாக்கியம், ஐந்து இணைப்புச் சொல், ஆனாலும் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஏழைகளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அது எப்படி நன்மை என்று சொல்லும் முன்பே நெரிசலுக்குத் தாவியாகிவிட்டது. அதில் நிற்காமல் மாசுக்குத் தாவியாகிவிட்டது. அப்புறம் அந்த "உதாரணமாக". அது எதற்கு உதாரணம்? அதற்கு முந்தைய வாக்கியம் காற்று மாசு. பெண்களுக்கான இலவசப் பயணம் காற்று மாசு குறைந்ததற்கு உதாரணம் இல்லை. அந்தச் சொல் வாசகரிடம் ஒரு உறவைச் சொல்கிறது, அந்த உறவு அங்கே இல்லை. கடைசியில் வரும் "எனவே"யும் அப்படித்தான், எதிலிருந்தும் பிறக்காத முடிவு.

எக்ஸாமினர் இங்கே காண்பது குறைவான லிங்கர்களை அல்ல. எண்ணம் வரிசைப்படவில்லை, அதை மறைக்க மேலே சொற்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவர் அதைத்தான் இயந்திரத்தனம் என்று குறிக்கிறார்.

இதே கருத்தை வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாம். "குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குப் பேருந்துச் செலவு மாதக் கடைசியில் பெரிய சுமை. இந்தச் சுமையைத் தவிர்க்க வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் வேலையோடு பலர் நின்றுவிடுகிறார்கள், கூலி குறைவாக இருந்தாலும். கட்டணம் இல்லையென்றால் தூரத்தில் இருக்கும் நல்ல வேலைக்கும் அவர்களால் போக முடியும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். வேலைக்கும் படிப்புக்கும் போகிற பெண்களின் கையில் அந்தப் பணம் மிஞ்சுகிறது." மேலும், அதுமட்டுமன்றி, எனவே எதுவும் இல்லை. உதாரணம் இருக்கிறது, உதாரணமாக என்ற சொல் இல்லை. ஆனால் எங்கேயும் தடுக்கி விழவில்லை. ஏழைக்கு நன்மை என்ற ஒரே கருத்தில் நின்று, அதைத் தோண்டியிருக்கிறோம். நெரிசலும் மாசும் வேண்டுமானால் அடுத்த பாராவுக்குப் போகட்டும்.

இந்தப் பாரா எப்படி ஒட்டிக்கொண்டது என்று பாருங்கள். "சுமை" என்று ஒரு வாக்கியம் முடிகிறது, "இந்தச் சுமை" என்று அடுத்தது தொடங்குகிறது. முந்தைய வாக்கியத்தின் கடைசியில் வந்த புதிய செய்தி, அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் தெரிந்த செய்தியாகிவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு புதிய செய்திக்கு நகர்கிறோம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை, அந்தாதி என்று நாம் சொல்கிற தொடை இதுதான். ஒரு பாட்டின் ஈற்றில் நிற்கும் எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த பாட்டுக்கு முதலாகும். பாட்டுக்குப் பாட்டு பாலம் போட அங்கே தனிச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. உரைநடையில் அந்த அளவு கறாராக இருக்க வேண்டாம். ஆனால் தெரிந்ததில் தொடங்கிப் புதியதில் முடிப்பது என்ற நடையை ஆங்கிலப் பாராவுக்குள் கொண்டுவந்துவிட்டால், லிங்கர் தேவைப்படும் இடங்கள் தானாகவே பாதியாகக் குறையும்.

மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல் ஆங்கிலத்தின் கோஹீஷன் பற்றி எழுதிய நூலில், வாக்கியங்களைப் பிணைக்கும் வழிகளை ஐந்தாகப் பிரித்தார்கள். அது, இது, அவர்கள் என்று முன்னால் வந்ததைச் சுட்டுவது ஒன்று. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது, ஒரே சொல்லையோ பொருளால் நெருங்கிய சொற்களையோ திரும்ப எடுப்பது என்று மூன்று. இணைப்புச் சொல் போடுவது ஐந்தாவது. ஐந்தில் ஒன்றுதான் அது. நம் ஊர்ப் பயிற்சி முழுக்க அந்த ஒன்றின் மேலேயே நிற்கிறது, மற்ற நான்கும் அதிகம் வேலை செய்கிறவை என்றபோதும்.

என் மாணவர்களுக்கு உடனே பலன் தருவது முதல் வகை. குறிப்பாக திஸ், தீஸ், சச் என்ற சொற்களோடு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்ப்பது. வெறும் "திஸ்" போட்டால் எதைச் சொல்கிறோம் என்று குழம்பும். "திஸ் பர்டன்", "சச் ஜாப்ஸ்", "தீஸ் சேவிங்ஸ்" என்று எழுதினால் முந்தைய வாக்கியம் முழுவதையும் ஒரு பெயருக்குள் அடைத்து அடுத்த வாக்கியத்துக்கு எடுத்துப்போகிறோம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய வாக்கியத்தில் நாம் என்ன சொன்னோம் என்று நமக்கே தெளிவாகிவிடுகிறது. பிரச்சினையா, போக்கா, தயக்கமா, செலவா? பெயர் கிடைக்கவில்லை என்றால் முந்தைய வாக்கியமே தெளிவாக இல்லை என்று அர்த்தம்.

பட்டியல் மேல் நமக்கு இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு என்பது என் எண்ணம். இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, தோ, பட், இன் ஸ்பைட் ஆஃப் என்று மாற்றி மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சியை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். அவன் ஏழை, அவன் நேர்மையானவன், சேர்த்து எழுதுக. அந்தப் பயிற்சியில் இரண்டு கருத்துக்கும் உள்ள உறவை யோசிக்க வேண்டியதில்லை, வினாத்தாள் தயாரித்தவர் யோசித்துவிட்டார். நாம் சொல்லை மட்டும் பொருத்துகிறோம். கட்டுரையில் கருத்தும் நம்முடையது, உறவும் நம்முடையது. அந்த இடத்தில்தான் பழக்கம் கைகொடுக்காமல் போகிறது.

தமிழின் வாக்கிய அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. "மழை பெய்து, சாலையில் தண்ணீர் நின்று, பஸ் வராமல், வேலைக்குப் போக முடியவில்லை" என்று எச்சங்களாலேயே நாம் தொடுத்துக்கொண்டு போவோம். இணைப்பு வினையின் வாலில் இருக்கிறது: பெய்து, வராமல், வந்ததால், வந்தாலும். ஆங்கிலத்தில் அந்த வால் பெரும்பாலும் இல்லை என்று கண்டதும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் கமாவை மட்டும் போட்டு வாக்கியங்களைத் தொடுத்துக்கொண்டே போகிறார்கள்; அது இலக்கணப் பிழையாகக் கணக்கில் ஏறுகிறது. சிலர் இழந்த வாலுக்கு ஈடாக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தலைப்பாகை கட்டுகிறார்கள். ஆனால் இதே தமிழறிவு ஓரிடத்தில் உதவவும் செய்கிறது. "ஆல்தோ இட் இஸ் எக்ஸ்பென்சிவ், பட் பீப்பிள் பை இட்" என்று எழுதுகிறவரைத் தமிழில் சொல்லச் சொல்வேன். "விலை அதிகமாக இருந்தாலும் மக்கள் வாங்குகிறார்கள்" என்றுதான் வாயில் வரும், நடுவில் "ஆனால்" வராது. எதிர்ப்பை ஒருமுறை சொன்னால் போதும் என்பது நம் காதுக்கே தெரியும். ஆல்தோவோ பட்டோ, ஏதாவது ஒன்றை எடுத்துவிடலாம்.

சரி, சொற்களுக்கே வருவோம். பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்றுக்கொன்று சமம் என்று நினைக்கப்படுகிற சொற்கள்தான் அதிக சேதம் செய்கின்றன. ஆன் தி அதர் ஹேண்டும் ஆன் தி கான்ட்ரரியும் ஒன்றல்ல. முதலாவது இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது, இரண்டு பக்கமும் உண்மையாக இருக்கலாம். இரண்டாவது சற்றுமுன் சொன்னதை மறுக்கிறது. நகர வாழ்க்கையில் வசதி அதிகம், ஆன் தி கான்ட்ரரி கிராமத்தில் அமைதி அதிகம் என்று எழுதினால் எதுவும் மறுக்கப்படவில்லை, சொல் தவறான இடத்தில் நிற்கிறது. அதே போல ஃபர்ஸ்ட்லி என்று எழுத வேண்டிய இடத்தில் அட் ஃபர்ஸ்ட் என்று எழுதுகிறார்கள். அட் ஃபர்ஸ்ட் என்றால் ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறியது என்று பொருள். அதைப் படிக்கிறவர் அந்த மாற்றத்துக்காகக் காத்திருப்பார், அது வராது.

வேர்ஆஸ் என்ற சொல் தனி வாக்கியமாக நிற்காது. "ஜப்பானில் இது குறைந்தது." என்று புள்ளி வைத்துவிட்டு, "வேர்ஆஸ், இந்தியாவில் கூடியது." என்று தொடங்கினால் இரண்டாவது பாதி வாக்கியம்தான். ஹவெவர் இதற்கு நேர்மாறு. இரண்டு முழு வாக்கியங்களை அதை நடுவில் வைத்துக் கமாவால் ஒட்ட முடியாது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இந்த இரண்டு நிறுத்தக்குறிகளைச் சரிசெய்தாலே கோஹியரன்ஸோடு இலக்கண மதிப்பெண்ணும் சேர்ந்து நகரும்.

மோர்ஓவரை ஏன் தலைப்பில் வைத்தேன் என்றால், அதிகமாகத் தவறாகப் பயன்படுவது அதுதான். அதற்குப் பின்னால் வரும் கருத்து, முன்னால் வந்த கருத்து போகும் திசையிலேயே போய், அதைவிட வலுவாகவோ கூடுதல் பாரமாகவோ இருக்க வேண்டும். வெறுமனே "இன்னொன்று" என்று சொல்ல ஆல்ஸோ போதும். ஆல்ஸோவைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அப்படி எதுவும் இல்லை. லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது மேடைப் பேச்சுக்கு உரியது.

டாஸ்க் 1 வரைபடத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓவரால் என்று தொடங்கி மொத்தப் போக்கைச் சொல்லும் ஒரு பத்தி, வைல், வேர்ஆஸ், ஃபாலோட் பை போன்ற சில ஒப்பீட்டுச் சொற்கள், இவை போதும். கருத்துச் சொல்லாத இடத்தில் தேர்ஃபோருக்கு வேலையே கிடையாது. எந்தக் கோடு எதனால் உயர்ந்தது என்று வரைபடம் சொல்லாது, நாமும் சொல்லக் கூடாது.

பயிற்சிக்கு நான் வைக்கும் முறை ஒன்று. முதல் பாராவை ஒரே ஒரு லிங்கர்கூட இல்லாமல் எழுதச் சொல்வேன். ஆரம்பத்தில் கை நடுங்கும், பலருக்கு முதல் வாக்கியமே வராது. ஃபர்ஸ்ட்லி என்ற சொல்தான் அவர்களுக்கு இதுவரை பேனாவை நகர்த்தியிருக்கிறது. ஆனால் எழுதி முடித்ததும் பாராவை உரக்கப் படித்தால், எங்கே தடுக்குகிறது என்று அவர்களுக்கே கேட்கும். தடுக்கும் இடத்தில் முதலில் வாக்கியங்களின் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். அதில் சரியாகவில்லை என்றால் திஸ் சேர்த்து ஒரு பெயர்ச்சொல். அதிலும் ஆகவில்லை என்றால்தான் லிங்கர். வாசகர் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும்போது நாம் திரும்புகிறோம் என்றால் அங்கே கண்டிப்பாக ஒரு ஹவெவர் வேண்டும். அந்த இடத்தில் அது இல்லாவிட்டால் அதுவும் குறைதான். இணைப்புச் சொல்லுக்கு நான் எதிரி இல்லை. திருப்பங்களில் அதற்கு ஈடு வேறு இல்லை. நேராகப் போகும் சாலையில்தான் அது வேண்டாம்.

தேர்வு அறையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பார்கள். டாஸ்க் 2-க்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். முதல் ஐந்து ஆறு நிமிடத்தை எழுதாமல் யோசிக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். நடுவில் வரும் இரண்டு பாராக்களுக்கும் ஒரு கருத்து வீதம், அந்தக் கருத்து ஏன் உண்மை, அதனால் யாருக்கு என்ன ஆகிறது, இவ்வளவுதான் திட்டம். இந்த வரிசை காகிதத்தில் இருந்தால் வாக்கியங்கள் தாமே ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். வரிசை இல்லாமல் எழுதத் தொடங்கியவர்தான் வாக்கியத்துக்கு வாக்கியம் பட்டியலை நோக்கி ஓடுகிறார்.

பேச்சுத் தேர்வில் மோர்ஓவரும் ஃபர்தர்மோரும் இன்னும் மோசமாக ஒலிக்கும். நண்பரிடம் சொந்த ஊரைப் பற்றிப் பேசும்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை. வெல், ஆக்சுவலி, தி திங் இஸ், அண்ட் தட்ஸ் வை, இப்படிப் பேச்சில் இயல்பாக வருகிறவையே அங்கே கோஹியரன்ஸ். மனப்பாடம் செய்த பதிலை எக்ஸாமினர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதும் நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐயெல்ட்ஸ் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோய் அவதிப்படுகிறார்கள். அங்கே எழுதுவது கட்டுரை அல்ல, கடிதம். நோயாளியைப் பற்றிய கேஸ் நோட்ஸை 5 நிமிடம் படித்து, 40 நிமிடத்தில் ஏறக்குறைய 180 முதல் 200 சொற்களில் இன்னொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ எழுத வேண்டும். அதை வாங்கிப் படிக்கிறவருக்கு நோயாளியை அடுத்து எப்படிக் கவனிப்பது என்று தெரிந்தாக வேண்டும். அங்கே பாராக்களை இணைப்பது ஆன் அட்மிஷன், டூரிங் ஹெர் ஸ்டே, ஆன் டிஸ்சார்ஜ் போன்ற காலக் குறிப்புகள்தான். எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பாராவிலேயே வந்துவிட வேண்டும். காயத்துக்குக் கட்டு மாற்றுவது ஒரு பாரா, சர்க்கரை மாத்திரையும் உணவும் இன்னொரு பாரா. அவசரமானது மேலே, பழைய வரலாறு கீழே, தேவையில்லாத குறிப்பு கடிதத்துக்கு வெளியே.